ஹந்தானையின் புல்லும் 1840-ஆம் ஆண்டுச் சட்டமும்

கண்டி நகருக்குத் தென்மேற்கே உயர்ந்து நிற்கும் ஹந்தானை மலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும்போதெல்லாம், மரமற்ற சரிவுகளில் அடர்ந்த மானாப்புல்லைக் கண்டு, "மாடு மேய்த்தே மலையை மொட்டையாக்கிவிட்டார்கள்" என்று யாரேனும் ஒருவர் சொல்லக் கேட்கிறோம். மாட்டின்மேல் பழி போடுவது எளிது. அது வழக்காட வருவதில்லை.

மேய்ச்சல் தாவரங்களை மாற்றுகிறது என்பது உண்மையே. புல்லின் குருத்து நிலத்தோடு ஒட்டியிருப்பதால் கடிபட்டாலும் துளிர்க்கும். மரக்கன்றின் குருத்தோ நுனியில் இருப்பதால் கடிபட்டால் வளர்ச்சி குன்றும். மந்தை அளவோடு இடம் மாறி மேய்ந்தால் பல்வகைப் புற்கள் கலந்து வாழும். ஓரிடத்தில் நெருக்கினாலோ, இனிய புற்கள் தேய்ந்து, மாடு தீண்டாதவை பெருகும். முற்றிய மானாப்புல் அத்தகையது. பேராதனைப் பூங்கா வழியாக 1826-இல் இந்நாட்டுக்கு வந்த உண்ணிச்செடியும் அத்தகையதே.

ஆயின் மந்தையை நெருக்கியவர் யார்?

கண்டிக் கிராமத்தானுக்குத் தாழ்வில் வயல், அதனருகே வீட்டுத்தோட்டம், மேலே சேனையும் காடும். உழுது ஓய்ந்த எருமைகள் தரிசுச் சேனைகளிலும் காட்டோரங்களிலும் மேய்ந்தன. 1815-இல் கண்டி ஆங்கிலேயர் வசமாயிற்று. காடும் தரிசும் பயிரிடாத நிலமும், மாறான சான்று காட்டப்படும்வரை, முடிக்குரியவை என்றது 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம். தலைமுறையாக மாடு மேய்ந்ததற்கு உறுதி எழுதி வைத்தவர் எவர்? ஏக்கர் ஐந்து சிலிங் வீதம் அந்நிலங்கள் கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. துரைமார் நாடியது காட்டு மண்ணையே. மண் மெலிந்த பத்தனைகளை ஒதுக்கினர். காடு வீழ்ந்தது. தோட்டத்துள் நுழைந்த எருமை பிடிபட்டது. உடையவன் தண்டம் கட்டினான். எஞ்சிய புல்வெளியில் மந்தை நெருங்கிற்று. இளந்துளிர் வேண்டிக் கோடையில் இட்ட தீ மரக்கன்றுகளை அழிக்க, வேர்க்கட்டு நிலத்தடியில் தப்பிய மானாப்புல் மீண்டும் எழுந்தது.

பத்தனைகளிற் பல ஆங்கிலேயருக்கு முற்பட்டவை என்பதையும் மறைக்கலாகாது. எல்லாம் 1840-இல் தொடங்கியதெனில் அது மிகை. எனினும் மேய்ப்பனின் தீயை மட்டும் குறித்துவைத்து, மலைமலையாகக் காடு வெட்டிய கோடரியை மறப்பது வரலாறாகாது.

1869-இல் இலைநோய் கண்டு கோப்பி அழியத் தொடங்கியது, தேயிலை வந்தது. இன்று கைவிடப்பட்ட தேயிலைச் சரிவுகளைக் கினிப்புல் மூடுகிறது. இளமையில் அது மாடு விரும்பும் தீவனம். மேய்வாரின்றி முற்றினால் வறட்சியில் பற்றி எரிகிறது. லயத்தோரம் ஒரு பசுவைக் கட்டி வளர்க்கும் தொழிலாளி அதை அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வருகிறார். அந்தச் சுமை எவர் நிலத்துப் புல் என்று கேட்க இன்றும் ஆள் உண்டு.