பரிசாகப் பேசப்பட்ட ஊர்

கிரேக்க நாட்டின் தெற்கே, டாய்கெட்டஸ் மலைத்தொடர் மெசேனிய வளைகுடாவை நோக்கிச் சரியும் இடத்தில், கர்தமீலி என்னும் சிற்றூர் இருக்கிறது. கலமாட்டா நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். ஒலிவத் தோப்புகளும், கூழாங்கற் கரையும், கல் வீடுகளுமாக அமைந்த இவ்வூரைச் சுற்றிப்பார்க்க அதிக நேரம் வேண்டியதில்லை. ஆனால் இதன் பெயரை ஹோமரே பாடியிருக்கிறார்.

டிராய்ப் போரின் நடுவே, தன்னோடு பிணங்கிப் பாசறையில் ஒதுங்கிவிட்ட அக்கிலீஸைச் சமாதானப்படுத்த அகமெம்னான் ஏராளமான பரிசுகளை அறிவிக்கிறான். தன் மகளை மணம் செய்து தருவதாகவும், சீதனமாகக் கடலோரத்து ஊர்கள் ஏழினை அளிப்பதாகவும் வாக்களிக்கிறான். அவற்றுள் முதலாவது கர்தமீலி. அவ்வூர்க் குடிகளை யாரும் கேட்டதாகக் காவியம் சொல்லவில்லை. கேட்பது அக்காலத்து வழக்கமும் அன்று. அக்கிலீஸோ பரிசு முழுவதையும் மறுத்துவிட்டான்.

கதையில் நின்றுபோன தானம் வரலாற்றில் நடந்தேறியது. கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போரில் ஸ்பார்ட்டர் ஆக்டேவியன் பக்கமும், மெசேனியர் அந்தோனி பக்கமும் நின்றனர். வென்ற ஆக்டேவியனே அகஸ்டஸ் சக்கரவர்த்தி ஆனார். கர்தமீலியை மெசேனியாவிலிருந்து பிரித்து ஸ்பார்ட்டாவுக்கு உரியதாக்கினார். ரோமாபுரியின் மரக்கலங்கள் மிளகு தேடி நம் மேலைக் கடற்கரைக்கு வந்துகொண்டிருந்த காலமும் அதுவே.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் இங்கு வந்த பௌசானியஸ் என்னும் யாத்திரிகர், ஊர் கடலிலிருந்து எட்டு ஸ்டேடியம், அதாவது ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர், உள்ளே இருந்ததாக எழுதுகிறார். அங்கே அதீனா தேவிக்கு ஆலயம் இருந்தது. கரைக்கு அருகே கடற்கன்னியருக்கு ஒரு புனித வளாகமும் இருந்தது. மணமகனாக ஸ்பார்ட்டாவுக்குச் சென்ற அக்கிலீஸின் மைந்தனைக் காண அவர்கள் கடலினின்று அங்கே ஏறி வந்தார்களாம். தந்தை வேண்டாமென்ற ஊரில் மகனுக்கு வரவேற்பு!

இடைக்காலத்தில் பெயர் ஸ்கர்தமூலா என்று திரிந்தது. பிறகு மூர்த்சினோஸ் குடும்பத்தார் இங்கே கட்டிய கோபுர வீடு இன்றும் நிற்கிறது. 1821 ஜனவரியில், துருக்கிய ஆட்சியை எதிர்க்கத் திட்டமிட்டு வந்த தளபதி கொலொகோத்ரோனிஸுக்கு அக்குடும்பம் அடைக்கலம் தந்தது. இம்முறை எந்த மன்னனும் இவ்வூரை யாருக்கும் வழங்கவில்லை. ஊராரே ஆயுதம் ஏந்தி, மானிப் பகுதியின் மற்றவர்களோடு வடக்கே புறப்பட்டனர். அவர்களுடைய பழைய பஞ்சாங்கப்படி மார்ச் 23-ஆம் நாள் கலமாட்டா அவர்கள் வசமாயிற்று.