கலால்காரன் வடித்த சாராயம்

ராபர்ட் பர்ன்ஸ் தன் முதல் கவிதைத் தொகுப்பை 1786-இல் ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் நகரில் அச்சிட்டார். அதில் ஊர்ச் சாராயத்தைப் புகழும் நீண்ட கவிதை ஒன்று இருக்கிறது. பார்லிப் பயிரை வாழ்த்தி, ஏழை உழவனின் களைப்பை ஆற்றும் குவளையை வாழ்த்தி, பிரெஞ்சு பிராந்தியைத் திட்டி, கடைசியில் கலால்காரர்களை அட்டைப் பூச்சிகள் என்று ஏசி சாத்தானிடம் பிடித்துக் கொடுக்கிறது அந்தக் கவிதை. மூன்றே வருடங்களில், 1789-இல், பர்ன்ஸ் கலால் அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் ஆண்டுக்கு 50 பவுண்டு. விவசாயம் கைகொடுக்கவில்லை, வீட்டில் பிள்ளைகள். வேறென்ன செய்வார்? வாரத்துக்கு இருநூறு மைல் குதிரையில் அலைந்து பீப்பாய்களை அளந்தார். வரி கட்டாத சரக்கைப் பிடித்தார். பிடிபட்டவர்கள் கட்டிய அபராதத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

அதோடு நிற்கவில்லை. 1792-இல், வேலையில் இருந்தபடியே, ஊர்க் கலால்காரனைச் சாத்தான் தூக்கிக்கொண்டு ஆடிப்போவதாகவும் ஊரே மகிழ்ச்சியில் மது வடிப்பதாகவும் ஒரு பாட்டு எழுதினார். இன்றும் பாடுகிறார்கள். ஒவ்வொரு ஜனவரி 25-ஆம் தேதியும் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்தில் உலகம் முழுக்க விஸ்கிக் குவளை உயர்த்தப்படுகிறது. அவர் அந்தக் குவளைக்கு வரி வசூலித்தவர் என்பதை விருந்தினர்கள் அவ்வளவாக நினைத்துக்கொள்வதில்லை.

பர்ன்ஸ் வழியாகத்தான் எனக்கு விஸ்கியின் வரலாறு சுவாரசியப்பட்டது. மலைநீர், மூடுபனி, தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட ரகசியம் என்று விளம்பரங்கள் சொல்லும் கதையை நான் நம்புவதில்லை. வாசிக்க வாசிக்க எனக்குத் தெரிந்தது வேறு. ஸ்காட்ச் விஸ்கிக்கு இன்றிருக்கும் உருவத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தது வரி அலுவலகம். மிச்சத்தைக் கொடுத்தவர்கள் அந்த அலுவலகத்தை ஏமாற்றியவர்கள்.

எழுத்தில் கிடைக்கும் முதல் சான்றே அரசுக் கணக்குதான். 1494-இல், மன்னர் ஆணைப்படி 'உயிர்நீர்' காய்ச்ச ஜான் கோர் என்ற துறவிக்கு எட்டு 'போல்' முளைகட்டிய தானியம் கொடுத்ததாகக் கருவூலக் குறிப்பு சொல்கிறது. அடுத்த முந்நூறு ஆண்டுகளில் அது துறவிகளிடமிருந்து உழவர் வீடுகளுக்கு இறங்கியது. அதற்கு ரொம்பச் சாதாரணமான காரணங்கள் உண்டு. வடக்கு மேட்டுநிலத்தின் ஈரத்தில் பார்லி சீக்கிரம் பூசணம் பிடித்துவிடும். நல்ல சாலையும் கிடையாது. மூட்டை மூட்டையாகத் தானியத்தைச் சுமப்பதைவிடக் காய்ச்சி ஒரு சிறு பீப்பாயில் அடைத்துக் குதிரையில் ஏற்றுவது எளிது; கெட்டும் போகாது. மிஞ்சிய சக்கை குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீவனம். கிடைத்த காசு நிலக்கிழாருக்குக் குத்தகை. புகை மணத்தைப் பற்றி இன்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தப் பக்கம் நிலக்கரி இல்லை, விறகும் குறைவு. கையில் இருந்தது சதுப்பிலிருந்து வெட்டி உலர்த்திய 'பீட்' கரிமண். முளைகட்டிய பார்லியை அந்தத் தீயில் உலர்த்தினார்கள். அவ்வளவுதான்.

1644-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் முதல்முறையாகச் சாராயத்துக்கு வரி போட்டது. 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்த பிறகு வரி போடும் கை லண்டனுக்குப் போனது. 1725-இல் மால்ட் வரிக்காக கிளாஸ்கோவில் கலவரம் வெடித்தது. ஆனாலும் சொந்த வீட்டுக்காகக் காய்ச்சிக்கொள்வது சட்டப்படி சரியாகவே இருந்தது. 1781-இல் அதையும் தடை செய்தார்கள். நேற்றுவரை அடுப்படி வேலையாக இருந்தது அன்றிலிருந்து குற்றம்.

1784-இல் இன்னொரு சட்டம் நாட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டது. கோட்டுக்கு வடக்கே சின்ன வாலைகள், குறைந்த வரி, ஆனால் சரக்கு கோட்டைத் தாண்டக்கூடாது. தெற்கே சில ஆண்டுகளில் வாலையின் கொள்ளளவை வைத்து வரி போடும் முறை வந்தது. எவ்வளவு காய்ச்சினாலும் அதே வரி. அப்படியென்றால் கெட்டிக்கார முதலாளி என்ன செய்வான்? தட்டையாக, அகலமாக, சாம்பார் தட்டு மாதிரி வாலை செய்தான். ஊறலை ஊற்றிய சில நிமிடங்களில் வடித்து இறக்கிவிட்டு அடுத்ததை ஊற்றினான். வரி பல மடங்கு ஏற ஏற வேகமும் ஏறியது. கிடைத்தது தொண்டையை எரிக்கும் கரடுமுரடான சரக்கு. அதில் பெரும்பகுதி லண்டனுக்குப் போய் மறுபடி காய்ச்சப்பட்டு ஜின் ஆனது.

வடக்கே குகையிலும் ஓடைக்கரையிலும் ஒளிந்து காய்ச்சியவனுக்கு அந்த அவசரம் இல்லை. சின்ன செம்பு வாலை, மெதுவான தீ, நல்ல மால்ட். ஆகவே சட்டப்படியான சரக்கு மட்டம், திருட்டுச் சரக்கு உயர்வு என்ற விசித்திர நிலை உண்டானது. இன்று 'ஹைலேண்ட் சுவை' என்று பெருமையோடு சொல்லப்படுவதன் வேர் இதில்தான் இருக்கிறது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது கிளென்லிவெட் விஸ்கிதான் வேண்டும் என்று கேட்டார். கிளென்லிவெட் பள்ளத்தாக்கில் அன்று காய்ச்சப்பட்டதெல்லாம் திருட்டுச் சரக்கு. எலிசபெத் கிராண்ட் என்ற பெண்மணி தன் நினைவுக் குறிப்பில், அப்பாவின் நிலவறையில் மரப்பீப்பாயில் வெகுநாள் கிடந்த விஸ்கியை மன்னருக்கு அனுப்பிவைத்ததைப் பதிவு செய்திருக்கிறார். மன்னரே குற்றவாளிகளின் வாடிக்கையாளர்!

ஏமாற்றும் வித்தையில் எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. திருட்டு வாலையைக் காட்டிக்கொடுத்தால் 5 பவுண்டு வெகுமதி. வாலையில் சீக்கிரம் தேய்ந்து போவது செம்புச் சுருள்குழாய்தான், விலையும் அதிகம். குழாய் ஓட்டையானதும் காய்ச்சுகிறவனே போய், "ஐயா, அந்த மலைப்பக்கம் ஒரு வாலை கிடக்கிறது" என்று சொல்வானாம். அதிகாரி பழைய தகரத்தைப் பறிமுதல் செய்வார். வெகுமதிப் பணத்தில் இவன் புதுக்குழாய் வாங்கிக்கொள்வான்.

ஆண்டுக்கு 14,000 வாலைகள் வரை பிடித்தும் அரசால் தடுக்க முடியவில்லை. நிலக்கிழார்களே நீதிபதிகள், குத்தகைப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். கடைசியில் பெரிய நிலக்கிழாரான கோர்டன் பிரபு, நியாயமான வரி போட்டால் நாங்களே இதை ஒழிக்கிறோம் என்று அரசோடு பேசினார். 1823-இல் புதிய கலால் சட்டம் வந்தது. உரிமம் 10 பவுண்டு. வரி பாதிக்கும் கீழே குறைந்தது. விஸ்கி வரலாறுகள் எல்லாம் இதை விடுதலை நாள் போலக் கொண்டாடுகின்றன. நான் அப்படிப் பார்க்கவில்லை. 40 காலனுக்குக் குறைந்த வாலைக்கு உரிமம் கிடையாது. முதுகில் தூக்கிப் போகக்கூடிய வாலை வைத்திருந்த குத்தகைக்காரன் 40 காலனுக்கு எங்கே போவான்? அதே காலத்தில்தான் சதர்லாந்து போன்ற பகுதிகளில் ஆட்டுப் பண்ணைகளுக்காக உழவர் குடும்பங்களை நிலத்தைவிட்டு விரட்டினார்கள். குத்தகை கட்ட உதவிய கடைசி வருமானமும் போனது. 1834-இல் பிடிபட்ட வாலைகள் வெறும் 692.

கோர்டன் பிரபுவின் குத்தகைக்காரர் ஜார்ஜ் ஸ்மித் 1824-இல் கிளென்லிவெட்டில் முதல் உரிமம் எடுத்தார். அவரும் முன்பு திருட்டுத்தனமாகக் காய்ச்சியவர்தான். அக்கம்பக்கத்தார் அவரைத் துரோகியாகப் பார்த்தார்கள். வாலைச்சாலையைக் கொளுத்தி அவரையும் கொல்வதாக மிரட்டினார்கள். பக்கத்து நிலக்கிழார் கொடுத்த இரண்டு கைத்துப்பாக்கிகளை இடுப்பில் செருகிக்கொண்டு பல வருடம் நடமாடினார்.

சட்டத்தோடு பூட்டும் வந்தது. இன்றும் எந்த வாலைச்சாலைக்குப் போனாலும் பளபளவென்று ஒரு பித்தளைப் பெட்டி இருக்கும், முன்னால் கண்ணாடி. வடிந்து வரும் சாராயம் முழுவதும் அதன் வழியாகத்தான் போகும். முதலில் வருவது காரம், நச்சுத்தன்மை உள்ளது. கடைசியில் வருவது கனத்த வாடை உடையது. நடுவில் வரும் நெஞ்சுப்பகுதிதான் பீப்பாய்க்குப் போகும். எங்கே வெட்டுவது என்பதில்தான் ஒரு வாலைச்சாலையின் குணமே இருக்கிறது. அந்த முடிவை எடுக்கும் தொழிலாளி சாராயத்தைத் தொடவோ முகரவோ ருசிக்கவோ முடியாது. வெளியிலுள்ள கைப்பிடியைத் திருகி, உள்ளே மிதக்கும் அளவுக்கோலைப் பார்த்து, தண்ணீர் கலந்தால் கலங்குகிறதா என்று கண்ணாடி வழியே கவனித்து முடிவு செய்ய வேண்டும். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி முதலாளியிடம், இன்னொன்று வாலைச்சாலையிலேயே குடியிருந்த கலால் அதிகாரியிடம். 1980-கள் வரை இந்த நிலைதான். தொழிலாளிகள் சும்மா இருந்தார்களா? ஒரு முனையை நாணயத்தால் அடைத்த செம்புக் குழாயைக் கால்சட்டைக்குள் தொங்கவிட்டு, கிடங்குப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். எஜமானை விட்டுப் பிரியாததால் அதற்கு 'நாய்' என்று பெயர்.

இந்த இரண்டு சாவிகளைப் பற்றி வாசித்தபோது எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஸ்காட்லாந்து உழவன் தன் மதுவைக் காய்ச்சக்கூடாது என்று பூட்டுப் போட்ட அதே பேரரசுதான் மலாயாவில் தோட்டத் தமிழனுக்கு உரிமம் கொடுத்துக் கள்ளுக்கடை திறந்து வைத்தது. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை மறித்து நின்றபோது போலீஸ் கடைகளைத்தான் காத்தது. அங்கே காய்ச்சினால் குற்றம், இங்கே குடிக்காதே என்றால் குற்றம். இரண்டு கணக்கும் ஒரே பேரேட்டில் ஏறியவை.

கலால்காரர் ஒருவரே விஸ்கியைத் தலைகீழாக மாற்றிய கதையும் உண்டு. ஏனியஸ் காஃபி அயர்லாந்தின் தலைமைக் கலால் அதிகாரி. திருட்டு வாலை தேடிப் போய் மக்களிடம் சாகக்கிடக்க அடிவாங்கியவர். பல ஆண்டு வாலைச்சாலைகளை மோப்பம் பிடித்ததில் தொழில் அத்துப்படியானது. வேலையை விட்டுவிட்டு 1830-இல் நிறுத்தாமல் வடித்துக்கொண்டே இருக்கும் கோபுர வாலைக்குக் காப்புரிமை எடுத்தார். ஐரிஷ்காரர்கள் 'சுவையே இல்லை' என்று ஒதுக்கினார்கள், ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கோபுர வாலையின் மலிவான, லேசான தானியச் சாராயத்தோடு கனமான மால்ட் விஸ்கியைக் கலக்கலாம். 1860-இல் வரி கட்டுவதற்கு முன்பே கிடங்கில் வைத்துக் கலக்கச் சட்டம் இடம் கொடுத்ததும் களம் திறந்தது. அதில் இறங்கியவர்கள் உழவர்கள் அல்லர், மளிகைக்கடைக்காரர்கள். தேயிலை கலந்து பழகிய கை. கில்மார்னாக்கில், ஆமாம், பர்ன்ஸின் புத்தகம் அச்சான அதே ஊரில், மளிகைக்கடை வைத்திருந்த வாக்கர் குடும்பத்தின் பெயர்தான் நம்மூர்க் கல்யாண விருந்துகளில் ரெட் லேபல், பிளாக் லேபல் என்று மேசைக்கு மேசை நிற்பது. அப்போது பிரான்ஸில் பூச்சி விழுந்து திராட்சைத் தோட்டங்கள் அழிந்து பிராந்தி தட்டுப்பாடானது வேறு, இவர்களுக்கு அதிர்ஷ்டம்.

'மூன்று வருடம் மரப்பீப்பாயில் ஊறினால்தான் ஸ்காட்ச்' என்பதைப் பலர் பழங்கால மரபு என்று நினைக்கிறார்கள். உழவர்கள் பெரும்பாலும் சூடாறியதும் குடித்தார்கள். முதல் உலகப்போரில் வெடிமருந்துத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வராததில் லாயிட் ஜார்ஜ் கொதித்துப்போனார். அவருக்கு மதுவையே ஒழித்துக்கட்ட ஆசை. நடந்த பேரத்தில் 1915-இல் வந்தது, முதிராத சாராயத்தை விற்கக்கூடாது என்ற சட்டம். முதலில் இரண்டு வருடம், பிறகு மூன்று. போதையைக் குறைக்கப் போட்ட கட்டுப்பாடு தரத்தின் அடையாளமாகிவிட்டது. இன்றைக்குப் புட்டியில் போட்டிருக்கும் 40 சதவீதமும் அதே போர்க்காலத்தின் மிச்சம்.

எங்கள் நண்பர் கூட்டத்தில் ஒருவர் இருக்கிறார். யாராவது குவளையில் தண்ணீர் ஊற்றினால் பொறுக்கமாட்டார். "தண்ணி ஊத்துனா அப்புறம் அது என்னடா விஸ்கி? அங்கெல்லாம் யாரும் இப்படிக் குடிக்க மாட்டான்" என்பார். அங்கே விஸ்கி கலக்கும் நிபுணர்கள் மாதிரியை 20 சதவீதம் வரும்வரை தண்ணீர் விட்டுத்தான் முகர்கிறார்கள். அப்போதுதான் எரிச்சல் அடங்கி மணம் மேலே வரும். புட்டியில் அடைக்கும்போதே தண்ணீர் கலந்துதான் 40-க்குக் கொண்டுவருகிறார்கள். நிறத்தை வைத்து வயதைச் சொல்வதும் வேண்டாம். வாலையிலிருந்து வருவது தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். நிறம் பீப்பாயிலிருந்து வருவது. போதாவிட்டால் கருக்கிய சர்க்கரை நிறத்தைச் சேர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. இதெல்லாம் தெரிந்த பிறகும் பீட் புகை வாசம் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. மூக்கருகே குவளையைக் கொண்டுபோகும்போது விளம்பரத்தின் மூடுபனி வருவதில்லை. விறகில்லாத ஒரு வீட்டின் அடுப்புதான் வருகிறது.

ஜார்ஜ் ஸ்மித்தின் கிளென்லிவெட் இப்போது ஒரு பிரெஞ்சுப் பெருநிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் 'கடத்தல்காரர் தடங்கள்' என்று நடைபாதைகள் வைத்திருக்கிறார்கள். அந்தத் தடத்தின் ஓரத்தில் வீடு வைத்திருக்கும் ஒருவர், தன் தோட்டத்தில் விளைந்த பார்லியைத் தன் அடுப்பில் உரிமம் இல்லாமல் ஒரு புட்டி காய்ச்சினால், இன்றும் கேஸ்தான்.