வீடு எனக்கு... மண் சாமிக்கு!

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகிற ரோட்டில் இருக்கிறது சேவூர். வாலி வந்து பூஜை செய்ததாகத் தலபுராணம் சொல்லும் வாலீஸ்வரர் கோயில் இங்கேதான். கடலைக்காடும் தோட்டமுமாக இருந்த பூமி இது. பனியன் தொழில் திருப்பூருக்குள் அடங்காமல் அவிநாசி தாண்டி வழிய ஆரம்பித்ததும், இந்தப் பக்கமெல்லாம் பவர்டேபிள் ஷெட்டுகள் முளைத்தன. ஷெட் போட இடம் வேண்டும். சொந்தமாக வாங்கப் பணம் இல்லையா? குத்தகைக்கு எடு!

பழைய கோயில் உள்ள எந்த ஊரிலும் இடம் தேடிப் போகிறவர்கள் காதில் என்றைக்காவது இந்தப் பேச்சு விழும்.

"எடம் சாமியோடதுங்க. கட்டடம் நம்முளுது. கட்டடத்தை மட்டும் வெலைக்குக் குடுக்கறோமுங்க."

கேட்கிறபோது ஒன்றும் உறுத்தாது. வீட்டுக்குப் போய் யோசித்தால் தலை சுற்றும். மண் ஒருத்தருக்கு, அதன்மேல் நிற்கிற சுவர் இன்னொருத்தருக்கா? நாளைக்கு மண்ணுக்குச் சொந்தக்காரர் 'காலி பண்ணு' என்றால், விலை கொடுத்து வாங்கிய சுவரை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நூறு வருஷத்துக்கு முன்பு சென்னைப் பட்டணத்தையே உலுக்கிய கேள்வி இது. பதில் சேவூர்க்காரருக்கும் வேண்டியது என்பதால், கொஞ்சம் பட்டணம் வரை போய் வருவோம்.

1882-ல் வந்தது சொத்து மாற்றுச் சட்டம். இன்றைக்கும் குத்தகை விவகாரங்களுக்கு அதுதான் தாய்ச்சட்டம். வாடகை மண்ணில் ஒருவர் கட்டடம் கட்டினால், இடத்தைக் காலி செய்வதற்குள் அதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம்; ஆனால் நிலத்தை வாங்கியபோது இருந்த நிலையில் திருப்பித் தரவேண்டும் என்கிறது அதன் 108-வது பிரிவு. பனங்கை, கீற்று, மண்சுவர் என்றால் சரி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். சுண்ணாம்புக் காரை பூசிய மெத்தை வீட்டை? மிஞ்சுவது செங்கல் ஜல்லிதான்.

பட்டணத்தில் அப்படிப்பட்ட வீடுகள் ஏராளம். மனையை வாடகைக்குப் பிடித்து, சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொள்வது அங்கே பழகிப்போன வழக்கம். 'மனை வாடகையை ஒழுங்காகக் கொடுக்கிறவரை யாரும் நம்மைக் கிளப்ப மாட்டார்கள்' என்ற நம்பிக்கைதான் அஸ்திவாரம். பத்திரத்தில் அப்படி ஒரு வரிகூட இருக்காது! முதல் உலகப் போர் முடிந்த சமயம் பட்டணத்தில் மனை விலை எகிறியது. நிலக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். பெட்டி படுக்கையோடு தெருவுக்கு வரவேண்டிய நிலைமை.

அப்போது நீதிக்கட்சி ஆட்சி. 1921-ல் சென்னை நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 1922-ன் மூன்றாவது சட்டமாக அமலுக்கு வந்தது. காலி செய்யச் சொன்னால் கட்டடத்துக்கு நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்றது. அதோடு விட்டிருந்தால் சாதாரணச் சட்டம். ஒன்பதாவது பிரிவில்தான் வெடி இருந்தது. நிலக்காரர் வழக்குப் போட்டால், சம்மன் கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் கோர்ட்டில் திருப்பி மனுப் போடலாம்... 'அந்த நிலத்தை எனக்கே விற்கச் சொல்லுங்கள்' என்று! விலை? கோர்ட் நிர்ணயிப்பதுதான். அதைக் கட்டி முடிக்க மூன்று மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை தவணை.

இது எத்தனை பெரிய விஷயம் என்பதற்கு ஒரு ஒப்பீடு. குத்தகை வீடுகளுக்குப் பேர்போன தேசம் இங்கிலாந்து. அங்கே நீண்டகாலக் குத்தகையில் வீடு வைத்திருப்பவர், அடிமண்ணையும் கட்டாயமாக விலைக்குக் கேட்கலாம், அல்லது குத்தகையை இன்னும் 50 வருஷம் நீட்டச் சொல்லலாம் என்று சட்டம் வந்தது 1967-ல்தான். நம்மை ஆண்டவர்களைவிட 45 வருஷம் முந்திக்கொண்டது நம் சென்னை மாகாணம்.

1955-ல் நகராட்சிகளுக்கும் இந்தச் சட்டத்தை நீட்டிக்கொள்ள வழி செய்தார்கள். கோயம்புத்தூர், மதுரை, சேலம், திருச்சி என்று பரவியது.

இதில் எதிர்பாராமல் மாட்டிக்கொண்டவர் கடவுள்! ஏனென்றால், மனை வாடகைக்கு விட்டவர்களில் பெரிய நிலக்காரர்கள் கோயில்களும் மடங்களும்தான். சட்டத்தின் கண்ணில் சாமி ஒரு 'நபர்'. அதுவும், தன் சொத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத மைனர் மாதிரி. அந்த மைனரின் மண்ணைத்தான் வாடகைதாரர் கட்டாய விலைக்குக் கேட்டார். இன்னொரு பக்கம், 1959-ம் வருஷத்து இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவு, 'கோயில் நிலத்தை விற்பதோ, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதோ, ஆணையரின் அனுமதி இல்லாமல் செல்லவே செல்லாது' என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சட்டம் பூட்டுகிறது... இன்னொன்று பின்கதவைத் திறந்து வைக்கிறது!

பின்கதவை மூடியது 1996-ல் வந்த திருத்தம். எந்த மதத்தைச் சேர்ந்ததானாலும் சரி, சமய நிறுவனங்களின் நிலம் இனி இந்தச் சட்டத்துக்குள் வராது என்றது. நிலுவையில் கிடந்த மனுக்களும் அற்றுப்போகும் என்றது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயில் நிலத்தில் இருந்த மயிலாப்பூர் கிளப் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. 2005-ல் தீர்ப்பு: திருத்தம் செல்லும். ஒன்பதாவது பிரிவு கொடுத்தது ஒரு சலுகைதான்; அதைச் சொத்துரிமை மாதிரி பிடித்துக்கொள்ள முடியாது.

கோயில் சொத்து கரைந்துபோகாமல் தடுக்க அந்தத் திருத்தம் அவசியம்தான், சந்தேகமில்லை. ஆனால் ஒன்று எனக்கு உறுத்துகிறது. பெரிய கிளப்பையும், அரை சென்ட்டில் ஓடு வேய்ந்து மூன்று தலைமுறையாக வாடகை கட்டிய பூக்காரக் குடும்பத்தையும் அந்தத் திருத்தம் ஒரே தராசில் வைத்தது. 1921-ல் யாரை நினைத்துச் சட்டம் போட்டார்களோ, அவர்களுக்கும் சேர்த்தே கதவு சாத்தப்பட்டது.

சரி, சேவூருக்குத் திரும்புவோம். 'கட்டடம் மட்டும்' வாங்குகிறவர் உண்மையில் எதை வாங்குகிறார்?

குத்தகையில் மிச்சம் இருக்கிற காலத்தை வாங்குகிறார். அவ்வளவுதான். கோயில் மண் என்றால், 'முப்பது வருஷ லீஸ்' என்று தர்மகர்த்தா எப்போதோ எழுதிக்கொடுத்த காகிதத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. ஐந்து வருஷத்துக்கு மேல் என்றால் ஆணையர் உத்தரவு எங்கே என்று கேளுங்கள். காலம் முடிந்தபிறகும் உட்கார்ந்திருப்பவரை, அனுமதி இல்லாமல் இருப்பவரை, அறநிலையச் சட்டத்தின் 78-வது பிரிவு 'ஆக்கிரமிப்பாளர்' என்றே அழைக்கிறது. 'ரசீது பழைய ஆள் பேர்லயே இருக்கட்டுமுங்க' என்று விற்பவர் சொன்னால், அந்தப் பட்டத்தை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம். குத்தகையைப் புதுப்பிக்கும்போது பழைய வாடகையும் நிற்காது. சந்தை நிலவரத்துக்கு வாடகையை நிர்ணயிக்க 34-ஏ பிரிவு இருக்கிறது.

தனியார் நிலத்தில் கதை வேறு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆகவேண்டும் (விவசாயக் குத்தகைக்கு விதி தனி). பதினோரு மாத ஒப்பந்தம் பிறந்த ரகசியம் இதுதான்! பத்திரத்தில் தடை இல்லையென்றால் உரிமையை இன்னொருவருக்கு மாற்றலாம். ஆனால் மாற்றிவிட்டதாலேயே, விற்றவர் நிலக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதிலிலிருந்து தப்பிவிட முடியாது. ஷெட்டை வாங்கியவர் வாடகை பாக்கி வைத்தால், நோட்டீஸ் பழைய ஆள் வீட்டுக் கதவையும் தட்டும். நீட்டிப்பு? 'புதுப்பித்துக்கொள்ளும் உரிமை உண்டு' என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தால்தான் உண்டு. காலம் முடிந்தும் நிலக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டிருந்தால் குத்தகை மாதத்துக்கு மாதம், அல்லது வருஷத்துக்கு வருஷம் ஓடும். அதை நம்பி ஒரு மாடி எழுப்ப முடியாது.

இதையெல்லாம்விடச் சிக்கல், சாமி மண் என்று தெரியாமலே 'சொந்த இடம்' என வாங்குவது. 1860-களில் வெள்ளைக்கார அரசு இனாம் கமிஷன் வைத்து, எந்த நிலம் எந்தக் கோயிலுக்கு, எந்த ஊழியத்துக்கு மானியம் என்று ஊர் ஊராகப் பதிவேடு எழுதியது. 1963-ல் சிறு இனாம்களை ஒழித்து ரயத்துவாரிப் பட்டா கொடுத்தபோது, அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் சண்டை. மேல்வாரம் மட்டும் கோயிலுக்கா, நிலமே கோயிலுக்கா என்று! கொங்கு நாட்டில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. வில்லங்கச் சான்று முப்பது வருஷத்துக்குச் சுத்தமாக இருக்கும். வில்லங்கம் நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால் படுத்திருக்கும்!

2016 அக்டோபரிலிருந்து பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் அமலில் இருக்கிறது. அனுமதி உத்தரவு இல்லாத கோயில் நிலப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிய மறுக்கவேண்டும். அட்வான்ஸ் கொடுத்து, ஷெட்டுக்குத் தகரம் இறக்கி, ஓவர்லாக் மெஷினுக்கு ஆர்டரும் போட்ட பிறகு, அந்த மறுப்புச் சீட்டைக் கையில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அட்வான்ஸ் வாங்கியவரைத் தேடிப்போனால் அவர் நிதானமாகச் சொல்வார்:

"எடம் சாமியோடதுன்னு நான் அப்பவே சொன்னனுங்களே!"