1537க்கு முந்தைய பெங்களூரு

பீன்யாவில் பச்சை வழித்தட மெட்ரோவில் ஏறும் பயணி, பெங்களூருவின் வரலாற்றுச் சின்னங்களாகப் பொதுவாகச் சுட்டப்படுபவற்றுள் முதன்மையானவற்றை ஒரே பகலில் கண்டுவிடலாம். கிருஷ்ணராஜேந்திரா மார்க்கெட் நிலையத்தருகே கோட்டையின் எஞ்சிய பகுதியும் 1791இல் முடிவுற்ற திப்புவின் கோடை அரண்மனையும் உள்ளன; சற்றுத் தெற்கே, 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக். இவ்வுலா சொல்லும் வரலாறு, 1537இல் கெம்பே கௌடர் எழுப்பிய மண்கோட்டையிலிருந்து தொடங்குகிறது. வழிதவறிய ஹொய்சள மன்னன் வீர வல்லாளனுக்கு மூதாட்டி ஒருத்தி வெந்த பயறு அளித்ததால் ஊர் 'பெந்தகாளூரு' ஆயிற்று என்னும் கதையும் உடன் சொல்லப்படும்.

கல்வெட்டுகள் காட்டும் காலக்கணக்கு வேறு. நகரின் தென்பகுதியில் பேகூர்க் கோயிலில் உள்ள கங்கர் காலக் கன்னட வீரக்கல், 'பெங்களூர்ப் போர்' ஒன்றைக் குறிப்பிடுகிறது. அதன் காலம் ஏறத்தாழ கி.பி. 890. இரண்டாம் வீர வல்லாளன் அரியணை ஏறியதோ 1173இல். கதைக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பெயர் வழக்கில் இருந்துள்ளது.

மடிவாளா சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் அதே ஊர் 'வெங்களூர்' எனப்படுகிறது. தமிழில் சொல்முதலில் வகரம் வருமிடத்துக் கன்னடத்தில் ஒலிப்புடைய பகரம் வருவது திராவிட ஒப்பிலக்கணம் அறிந்த செய்தி: வேர் – பேரு, விரல் – பெரளு, வெள்ளி – பெள்ளி. தமிழில் பொறித்தவர் ஊர்ப்பெயரைத் தம் மொழியின் ஒலிமரபுக்கேற்ப எழுதினார் என்பதே இதனால் பெறப்படும். ஊர் யாருக்கு உரியது என்னும் இன்றைய வழக்குக்கு இவ்வொலியிணை சான்றாகாது.

ஆட்சியும் மொழியும் ஒன்றல்ல என்பதற்கும் இப்பகுதியே சான்று. சோழர் ஆட்சி 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கவாடியில் முடிவுற்றது. ஆயினும் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில், 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள இராமநாதன் காலத்திலும் தமிழிலேயே கொடைகள் பொறிக்கப்பட்டன. அவ்வூருக்குத் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயருண்டு. 'தேசி', 'பட்டணம்' என்னும் சொற்கள் வணிகர் இருப்பைச் சுட்டுகின்றன. கன்னட வீரக்கல்லும் தமிழ்க் கொடைக்கல்லும் ஒரே நிலப்பரப்பில் அருகருகே நின்றன.

இவற்றுள் பலவற்றை பி. எல். ரைஸ் 1905இல் எபிகிராபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதியில் பதிப்பித்தார். அதன்பின் ஏரிகள் தூர்ந்தன, சாலைகள் விரிந்தன, கற்கள் சில காணாமற்போயின. எஞ்சியவற்றை மிதிக் சொசைட்டி முப்பரிமாண முறையில் பதிவுசெய்துவருகிறது. அரண்மனைக்குக் காவலும் நுழைவுச்சீட்டும் உண்டு. ஏரிக்கரைக் கல்லுக்கு இரண்டும் இல்லை. 1537க்கு முந்தைய பெங்களூருவின் சான்றுகளில் பெரும்பகுதி அத்தகைய கற்களிலேயே உள்ளது.