மணலால் அளந்த கரடு

ஒரு மேற்பரப்பு வழுவழுப்பானதா, கரடானதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் விரல் நுனிக்கே உரியது என்று மனிதர் நெடுங்காலம் கருதி வந்தனர். அந்த அதிகாரம் விரலை விட்டு நீங்கி, மேற்பரப்பின்மேல் ஓடுகிற திரவத்துக்கும் வாயுவுக்கும் உரியதாயிற்று. ஜெட் விமான எஞ்சினில் காற்றை உள்ளிழுத்து நெருக்கும் கம்பிரஸரின் அலகுகளுக்கு எந்த அளவு மெருகேற்ற வேண்டும் என்று இன்று நிர்ணயிக்கும் சாஸ்திரம் இந்த மாற்றத்தின் பயனேயாயினும், அது பிறந்த இடம் ஆகாயமன்று. நகரங்களுக்குக் குடிநீர் கொணர்ந்த குழாய்களே அதன் பிறப்பிடம்.

பிரான்ஸிலுள்ள டிஜோன் நகருக்குக் குடிநீர் வசதி செய்து தந்த ஹென்றி டார்சி, பலவகைக் குழாய்களைக் கொண்டு தாம் செய்த பரிசோதனைகளை 1857-இல் வெளியிட்டு, அதுவரை வழங்கிய சூத்திரங்கள் பொருட்படுத்தாத ஓர் உண்மையை, அதாவது குழாய்ச் சுவரின் நிலையும் நீரோட்டத்தின் தடையை நிர்ணயிக்கிறது என்பதை, ஐயத்துக்கு இடமின்றி நிறுவினார். 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்பார்ன் ரெனால்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீரினிடையே சாயத்தை மெல்லிய இழையாகச் செலுத்தி, அந்த இழை கலையாமல் செல்லும் சீரோட்டம் எந்நிலையில் குலைந்து கொந்தளிப்பாக மாறுகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டினார். 1904-இல் ஹைடல்பர்க்கில் கூடிய கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டில், சுவரை ஒட்டிய மிக மெல்லிய எல்லைப் படலத்திலேயே உராய்வின் வினை பெரிதும் நிகழ்கிறது என்று விளக்கிய பின், சுவரின் சிறு மேடுகள் ஏன் அத்துணை முக்கியமானவை என்ற கேள்விக்கு விடை காணும் வழி திறந்தது.

அந்த வழியில் வெகுதூரம் சென்றவர், கோட்டிங்கனில் பிராண்டிலிடம் பணியாற்றிய ஜோஹான் நிக்குராட்ஸே. இயற்கையில் காணும் கரடு ஓரிடத்தைப்போல் மற்றோரிடத்தில் இராதாகையால், கரட்டையே செயற்கையாக உண்டாக்கிக்கொள்வது என்று அவர் தீர்மானித்தார். குழாயைச் செங்குத்தாக நிறுத்தி, நீர்த்த ஜப்பானிய அரக்கு வர்ணத்தை அதில் நிரப்பி வடித்துவிட்டு, அரைமணி நேரத்தில் அது பிசுபிசுப்பாகும் தருணம் பார்த்து, சல்லடையில் சலித்து ஒரே பருமனாகத் தெரிந்தெடுத்த மணலை உள்ளே கொட்டி வெளியே வழியவிட்டு, இரண்டு மூன்று வாரம் உலர்த்தி, மணல் உதிராதபடி மீண்டும் ஒருமுறை வர்ணம் ஊட்டினார். குழாயின் ஆரத்தில் பதினைந்தில் ஒரு பங்கு முதல் 507-இல் ஒரு பங்கு வரை ஆறு தரங்களில் மணலின் பருமனை வகுத்து, அவர் 1933-இல் வெளியிட்ட முடிவுகள் இன்றளவும் இத்துறையின் அடித்தளமாக விளங்குகின்றன.

அந்த முடிவுகளின் சாரம் இதுதான். கொந்தளிப்பான ஓட்டத்திலும் சுவரை ஒட்டினாற்போல், பாகுத்தன்மையின் ஆட்சிக்கு உட்பட்ட மெல்லிய அடிப்படலம் ஒன்று உண்டு. ஆற்றின் அடியில் முழுதும் மூழ்கிக் கிடக்கும் கூழாங்கல் மேற்பரப்பில் சுழிப்பு எதனையும் உண்டாக்காததுபோல, அப்படலத்துக்குள் அடங்கிய மணல் எவ்விதத் தடையும் செய்வதில்லை. வேகம் மிகுந்து படலம் மெலியும்போது மணல் தலைதூக்குகிறது. முற்றும் வெளிப்பட்ட பின்போ, தடையின் அளவை நிர்ணயிப்பதில் பாகுத்தன்மைக்குப் பங்கே இல்லாமற் போய், மணலின் பருமன் ஒன்றே அதனைத் தீர்மானிக்கிறது.

இனி அலகுகளின் வரலாற்றுக்கு வருவோம். சார்லஸ் பார்ஸன்ஸ் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த அச்சுவழிக் கம்பிரஸர்கள், காற்று அலகைப் பற்றிச் செல்லாமல் விலகிவிட்டமையால், திறன் குன்றிக் கைவிடப்பட்டன. அலகு என்பது சிறு விமான இறக்கையே என்று கொண்டு வடிவமைக்க வேண்டும் என 1926-இல் இங்கிலாந்தில் ஏ. ஏ. கிரிஃபித் எடுத்துக்காட்டினார். ஜெர்மனியின் யூமோ 004 ஜெட் எஞ்சினின் எட்டு அடுக்குக் கம்பிரஸருக்கான வாயுவியல் ஞானமும் கோட்டிங்கனின் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்தே வந்தது. அதே கூடத்தின் மரபில் பயின்ற ஹெர்மன் ஷ்லிக்டிங், கோளம், கூம்பு முதலிய பல வடிவ மேடுகளை 1936-இல் பரிசோதித்து, எந்தக் கரட்டையும் அதற்கு நிகரான தடை தரும் மணலின் பருமனால் குறிப்பிடலாம் என்று காட்டினார். அதுமுதல், ஒரு மணியளவு மணலும் ஒட்டாத உலோக அலகின் கரடும் மணற்பருமனாலேயே பேசப்படலாயிற்று.

அலகின்மேல் படிந்த உப்பும் எண்ணெய்ப் பசையும், தூசியின் மோதலால் விழுந்த பள்ளங்களும் சீரோட்டத்தை முன்கூட்டியே கொந்தளிக்கச் செய்து, எல்லைப் படலத்தைத் தடிக்கச் செய்கின்றன. தடித்த படலமோ, அழுத்தம் ஏறும் திசையில் செல்ல மாட்டாமல் அலகைவிட்டு விரைவில் பிரிந்து, கம்பிரஸரின் திறனைக் குறைக்கிறது. ஆயினும் ஓட்டம் மந்தமான நிலையில், முன்கூட்டியே பிறந்த அதே கொந்தளிப்பு, சீரான படலம் பிரிந்துபோவதைத் தடுத்து நன்மை செய்வதும் உண்டு.

வழுவழுப்பான தட்டுக்கு ஷ்லிக்டிங் வகுத்த விதியின்படி, மேட்டின் உயரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கி, இயக்கப் பாகுநிலையால், அதாவது பாகுத்தன்மையை அடர்த்தியால் வகுத்த அளவால், வகுத்தால் வரும் எண் 100-ஐத் தாண்டலாகாது. நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் தரைமட்டக் காற்று பாயுமாயின், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 7 அல்லது 8 பங்குக்கு மேற்பட்ட மேட்டை அலகு தாங்காது. காற்று மெலிந்த 11 கிலோமீட்டர் உயரத்திலோ, அதே வேகத்துக்கு அந்த வரம்பு இருமடங்குக்கும் மேலாகிறது; மாறாக, காற்று நெருங்கி அடர்ந்த பின்னடுக்குகளில் அது சுருங்குகிறது. ஆகவே தரையைவிட்டுக் கிளம்புகையில் கரடாயிருந்த அலகு, சில நிமிஷங்களில் உச்சிவானத்தில் வழுவழுப்பானதாகிவிடக்கூடும். முன்னடுக்கில் குற்றமற்றதாகக் கொள்ளப்பட்ட மெருகு, பின்னடுக்கில் போதாமற் போகக்கூடும். மெருகேற்றுபவன் அலகைத் தடவிப் பார்த்து மட்டும் திருப்தியடைய முடியாததற்குக் காரணம் இதுவே: அந்த அலகு எந்த அடுக்கில், எத்தகைய காற்றில் நின்று உழைக்கப்போகிறது என்று கேட்டறிந்த பின்னரே அவன் தன் வேலை முடிந்ததென்று சொல்ல முடியும்.