மூக்குக் கண்ணாடியும் தொழில் நாணயமும்

துணி வாங்குபவர் அதன் நெசவைத் தடவிப் பார்க்கின்றார். அரிசி வாங்குபவர் நான்கு மணிகளை வாயிலிட்டுப் பார்க்கின்றார். மூக்குக் கண்ணாடி வாங்குபவரோ அதன் தரத்தைத் தாமே அறிய வல்லவரல்லர். பார்வை குறைந்தமையாலன்றோ அவர் கடையை நாடுகின்றார்! ஆகவே, கண்ணாடித் தொழிலின் வரலாறு என்பது, மக்கள் நம்பத்தக்க தொழிலாளரை உருவாக்கிய வரலாறே எனலாம்.

மூக்குக் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் தோன்றியது. 1306ஆம் ஆண்டு பிளாரன்ஸ் நகரில் சமயவுரை ஆற்றிய ஜியோர்டானோ என்னும் துறவி, அக்கலை கண்டறியப்பட்டு இருபது ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை என்று வியந்துரைத்தார். தொழில் பிறந்தபோதே வஞ்சகமும் உடன் பிறந்தது போலும்! சாதாரணக் கண்ணாடியைப் பளிங்கு என்று கூறி விற்பதை, வெனிஸ் நகரப் பளிங்கு வினைஞர் சங்கத்தின் விதி 1300ஆம் ஆண்டிலேயே தடை செய்தது.

இங்கிலாந்தில், மூக்குக் கண்ணாடி செய்வோர் சங்கம் 1629ஆம் ஆண்டில் முதலாம் சார்லஸ் மன்னரிடம் அரச சாசனம் பெற்றது. தரமற்ற சரக்கைத் தேடிப் பறிமுதல் செய்யும் கடமையை அச்சங்கம் மேற்கொண்டது. 1671ஆம் ஆண்டில், கடையொன்றில் கைப்பற்றப்பட்ட 22 டஜன் கண்ணாடிகள், வில்லையும் சட்டமும் ஒருங்கே மோசமானவை எனத் தீர்ப்பாயின. 'லண்டன் கல்' என வழங்கும் பழங்கல்லின் மீது வைத்து அவை அனைத்தும் சுத்தியலால் நொறுக்கப்பட்டன. ஊரறிய நிகழ்ந்த அச்செயல், வணிகர் அனைவர்க்கும் ஓர் எச்சரிக்கையாக அமைந்தது.

எனினும், நேர்மை மட்டும் போதுமா? நல்ல வில்லையாயினும் பொருந்தாத கண்ணுக்குப் பயன்படாது. நெடுங்காலம் மக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடிகளை அணிந்து பார்த்து, தெளிவாகத் தோன்றியதை வாங்கிச் சென்றனர். 19ஆம் நூற்றாண்டில்தான் அறிவியல் இத்தொழிலுக்குத் துணை நின்றது. ஒளிக்கதிர்கள் ஒரு புள்ளியில் குவியாத குறை தம் இடக்கண்ணில் இருந்ததை ஆராய்ந்த வானியலறிஞர் ஏரி, 1825ஆம் ஆண்டு வாக்கில் அதற்கேற்ற வில்லையை வகுத்தார். அதனைச் செய்து கொடுத்தவர் இப்ஸ்விச் ஊரின் கண்ணாடி வினைஞர் ஒருவரே. 1862ஆம் ஆண்டில் டச்சு மருத்துவர் ஸ்நெல்லன் எழுத்துப் பலகையை வெளியிட்டார். பார்வையை அளந்தறியும் வழி எளிதாயிற்று.

அளக்கும் உரிமை யாருக்கு என்னும் வினா அப்போது எழுந்தது. கண்ணைச் சோதிப்பது தமக்கே உரியது என மருத்துவர் பலர் வாதிட்டனர். கண்ணாடி வினைஞரோ தேர்வெழுதித் தம் தகுதியை நிலைநாட்ட முற்பட்டனர். 1895இல் தோன்றிய பிரிட்டிஷ் ஆப்டிகல் சங்கம் மறு ஆண்டிலேயே தேர்வு நடத்தியது. 1958ஆம் ஆண்டின் சட்டம் இத்தொழிலினரைப் பதிவு செய்யும் மன்றத்தை அங்கு நிறுவ வழிகோலியது.

மலேசியாவில் 1991ஆம் ஆண்டின் ஆப்டிகல் சட்டமும், சிங்கப்பூரில் 2007ஆம் ஆண்டின் சட்டமும் அவ்வழியே பதிவு முறையை ஏற்படுத்தின. கண்ணைச் சோதித்து அளவு கூறும் ஆப்டோமெட்ரிஸ்டும், அவ்வளவிற்கேற்பக் கண்ணாடியைப் பொருத்தும் ஆப்டிஷியனும் இன்று தனித்தனிப் பயிற்சி பெறுகின்றனர்.

இத்தொழிலை நாடும் இளைஞர் ஒன்றை நினைவிற் கொள்ளல் நன்று. கடைச்சுவரில் தொங்கும் சான்றிதழ் வெறுங்காகிதமன்று. அன்று லண்டன் கல்லின் மீது ஓங்கிய சுத்தியலின் வேலையை இன்று செய்வது அதுவே.