லினக்ஸ் கர்னலும் செயலியின் எண்ணிகளும்

செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே தன்னுள் நிகழ்வனவற்றை எண்ணிவைக்கும் சிறு பதிவகங்கள், அதாவது வன்பொருள் எண்ணிகள், 1993-இல் வெளிவந்த இன்டெல் பென்டியத்தில் இரண்டு இருந்தன. 40 பிட் அகலமுள்ள அவை, நிறைவேறிய கட்டளைகள் எத்தனை, கேஷ் எனப்படும் விரைவு நினைவகத்தில் தேடிய தரவு கிட்டாமற்போனது எத்தனை முறை என்பன போன்றவற்றை நிரலின் ஓட்டத்தைத் தடுக்காமலேயே எண்ணின. ஆயினும் இன்டெல் அவற்றின் விவரத்தைப் பொதுக் கையேட்டில் சேர்க்காமல், இரகசியம் காக்க ஒப்பந்தமிட்டவர்களுக்கு மட்டுமே அளித்தது. நார்வே நாட்டு நிரலாளர் டெர்ஜே மாதிசன் தாம் ஆராய்ந்து கண்டதை 1994 ஜூலை ‘பைட்’ இதழில் வெளியிட்டதால் அவை பரவலாக அறியப்பட்டன. 1995-இன் பென்டியம் புரோ, எண்ணியின் மதிப்பைப் பயனர் நிரலே படிக்கத்தக்க ஆர்டிபிஎம்சி என்னும் தனிக் கட்டளையையும் கொண்டிருந்தது.

படிக்கக் கட்டளை இருந்தாலும், எந்த நிகழ்வை எண்ணுவது என்று தீர்மானிக்கும் பதிவகத்தில் எழுதும் உரிமை கர்னலுக்கே, அதாவது இயக்கமுறைமையின் மையப் பகுதிக்கே, உண்டு. மேலும், ஒரே செயலியில் பல நிரல்கள் மாறிமாறி ஓடுவதால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எண்ணியின் மதிப்பைக் குறித்துவைத்து, அந்நிரல் திரும்ப வரும்போது மீட்டுத் தருபவர் இல்லையெனில் ஒருவர் கணக்கு மற்றவர் கணக்கில் கலந்துவிடும். ஆகவே கர்னலுக்குள் ஒரு டிரைவரும், அதனிடம் பயனர் நிரல் பேசுவதற்கு ஓர் இடைமுகமும் தேவைப்பட்டன.

அத்தகைய தொடக்க முயற்சிகளில் நுட்பம் மிக்கது, சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் பெட்டர்சன் 1999 முதல் உருவாக்கிய பெர்ஃப்சிடிஆர். கர்னலை அழைத்து விடை பெறும் ஒவ்வொரு முறையும் நேரம் செலவாகிறது. சில நூறு கட்டளைகளே கொண்ட ஒரு பகுதியை அளக்கும்போது அந்தச் செலவே அளவையைக் கெடுத்துவிடும். எனவே பெட்டர்சன், அதுவரை சேர்ந்த மொத்தத்தைக் கர்னல் எழுதிவைக்கும் ஒரு நினைவகப் பக்கத்தைப் பயனர் நிரலின் கண்ணுக்கும் எட்டச் செய்தார்; நிரல் அம்மொத்தத்தோடு, ஆர்டிபிஎம்சி வழியாகத் தானே படித்த நடப்பு மதிப்புக்கும் தொடக்க மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டது. படிக்கும் இடைவெளியில் நிரல் செயலியிலிருந்து விலக்கப்பட்டிருந்தால் பக்கத்திலுள்ள கால முத்திரை மாறியிருக்கும். அப்போது மீண்டும் படித்தால் போதும். டென்னசி பல்கலைக்கழகத்தின் பாப்பி என்னும் அளவை நூலகம் இதன்மேல் இயங்கியதால், அறிவியல் கணிப்போர் தம் கர்னலில் ‘பேட்ச்’ எனப்படும் இந்த ஒட்டுநிரலைத் தாமே இணைத்துக்கொண்டனர். ஆயினும் அது முதன்மைக் கர்னலுக்குள் நுழையவில்லை.

இட்டேனியம் செயலிக்காக ஹியூலட்-பேக்கார்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபான் எரானியன் வடித்த பெர்ஃப்மான் வேறொரு கொள்கையில் நின்றது. நிகழ்வுகளின் பட்டியலையும், எந்நிகழ்வு எந்த எண்ணியில் பொருந்தும் என்ற அறிவையும் கர்னலுக்கு வெளியே, லிப்பிஎஃப்எம் என்னும் நூலகத்தில் வைத்து, கர்னலிடம் பதிவகங்களில் எழுதும் பணியை மட்டும் விட்டது. அதைப் பிற செயலிகளுக்கும் விரித்த பெர்ஃப்மான்2, ‘சிஸ்டம் கால்’ எனப்படும் கர்னல் அழைப்புகள் பத்துக்கும் மேற்பட்டவற்றைக் கோரியது. ஒருமுறை வழங்கிய அழைப்பைத் திரும்பப் பெறுவது லினக்ஸில் அரிதினும் அரிது என்பதால், அதன் பராமரிப்பாளர்கள் தயங்கியது நியாயமே.

2008 டிசம்பரில் தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் முன்வைத்த மாற்று இடைமுகம் இக்கொள்கையைத் தலைகீழாக்கியது. ஒரே ஓர் அழைப்பு. ஒரு நிகழ்வுக்கு ஒரு கோப்பு எண். எண்ணிகளைப் பங்கிடும் பொறுப்பு முழுவதும் கர்னலுக்கு. தனித்தனியே திறந்த எண்ணிகளை ஒரே காலப்பகுதிக்கு ஒப்பிட இயலாது என்ற குறை எழுந்தபோது, சேர்ந்தே ஓடும் குழுக்கள் புகுத்தப்பட்டன. கேட்ட நிகழ்வுகள் எண்ணிகளைவிட மிகுந்தால் கர்னல் அவற்றை முறைவைத்து ஓட்டி, ஓடிய காலத்தையும் தெரிவிக்கும். 2009 செப்டம்பரில் 2.6.31 பதிப்பில் இது இடம்பெற்று, விரைவிலேயே பெர்ஃப் ஈவென்ட்ஸ் என்று பெயர் மாறியது. பயனர் அனுப்பும் விவரக் கட்டமைப்பு தன் அளவைத் தானே அறிவிக்கும்படி அமைத்ததே இதன் மிகச் சிறந்த முன்யோசனை எனலாம். தொடக்கத்தில் 64 பைட்டாக இருந்த அக்கட்டமைப்பு, பழைய நிரல்கள் எதையும் முறிக்காமல் இருமடங்குக்கு மேல் வளர முடிந்தது இதனாலேயே.

வென்ற இடைமுகம் தோற்றவற்றின் கருத்துகளை உதறிவிடவில்லை. எண்ணியைப் படிக்க ஒவ்வொரு முறையும் கர்னலை அழைக்க வேண்டியிருந்த இன்டெல், ஏஎம்டி செயலிகளில், பெட்டர்சனின் முறையை ஒத்த நேரடி வாசிப்பு 2012-இல் 3.4 பதிப்போடு வந்தது. இட்டேனியத்துக்குரிய பெர்ஃப்மான் அழைப்பு 2020-இல் 5.10 பதிப்பில் நீக்கப்பட்டாலும், எரானியனின் நூலகம் நிகழ்வுப் பெயர்களைக் குறியெண்களாக மாற்றும் பணியில் பெர்ஃப் ஈவென்ட்ஸோடு தொடர்ந்து பயன்படுகிறது. 64 பிட் ஆர்ம் செயலிகளுக்கு நேரடி வாசிப்பு 2022-இன் 5.17 பதிப்பில்தான் கிடைத்தது. அங்கும் நிர்வாகி அனுமதித்தாலன்றி அது மூடியே இருக்கும்.